வென்றார் ஆணையும் தோற்றார் மொழியும்: சாக்சானியர் தந்த ‘ஹேலியாந்து’

ஓர் இனத்தாரைப் பற்றிய செய்திகள் யாவும் அவர்தம் பகைவர் எழுத்திலேயே கிடைக்குமாயின், அவ்வினத்தார் சினங்கொண்டு வாளேந்திய நாள்களில் மட்டுமே நம் கண்முன் தோன்றுவர். உழுத நாள்களிலும் மணவினை நிகழ்த்திய நாள்களிலும் பாடல் கேட்ட நாள்களிலும் தோன்றார். வடசெர்மனியில் ரைன் ஆற்றை அடுத்த நிலத்தினின்று எல்ப் ஆற்றுக்கு அப்பால்வரை பரவியிருந்த சாக்சானியர் என்னும் செர்மானிய இனத்தாரின் நிலை இத்தகையதே. உரோமர்க்கு அவர்கள் கடற்கொள்ளையர். பிரித்தானியாவின் தென்கீழ்க் கரைக் காவலை உரோம ஆட்சி ஆவணம் ‘சாக்சானியக் கரை’ என்றே குறிக்கிறது. பிராங்கிய அரசின் ஆண்டுக்குறிப்புகளிலோ அவர்கள் கொடுத்த உறுதிமொழியைத் திரும்பத் திரும்ப மீறுவோர். கடல் கடந்து பிரித்தானியாவிற் குடியேறிய கிளையினர் எசெக்சு, சசெக்சு, வெசெக்சு எனத் தம் பெயரை நிலத்திற்கு அளித்தனர். தாய்நிலத்தில் தங்கியோரைப் ‘பழஞ்சாக்சானியர்’ எனப் பீட் என்னும் வரலாற்றாசிரியர் பிரித்து வழங்கினார். ஈண்டு ஆராயப்படுவோர் இவர்களே.

இவர்கள் தம் மொழியில் நமக்கு விட்டுச்சென்ற பெருநூல் ஒன்றே. ஏறத்தாழ 6,000 அடிகளில் இயேசுவின் வரலாற்றைப் பாடும் அந்நூல் 9-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், பெரும்பாலோர் கருத்தின்படி 830-ஐ ஒட்டி, இயற்றப்பட்டது. ஆசிரியர் பெயர் தெரியவில்லை. நூற்பெயரும் அவர் இட்டதன்று. 1830-இல் இதனைப் பதிப்பித்த யோகான் ஆந்திரேயாசு சுமெல்லர், மீட்பர் எனப் பொருள்படும் சொல்லை நூலிலிருந்தே எடுத்து ‘ஹேலியாந்து’ எனப் பெயரிட்டார். தோல்வியுற்ற ஓரினம், தன்னை வென்றவரின் சமயத்தை, வென்ற குடியின் ஆணைப்படி, தன் சொந்த யாப்பிற் பாடிய நூல் இது. இதனைச் சாக்சானியரின் மரபுச் செல்வம் எனக் கொள்வதா, வென்றவர் கைக்கருவி எனக் கொள்வதா என்னும் வினா எளிதில் விடுக்கத்தக்கதன்று.

நூலின் பின்னணியைச் சுருங்கக் கூறுவோம். பிராங்கிய அரசன் சார்லமேன் 772-இல் சாக்சானியர்மேற் படையெடுத்து, அவர்கள் தூயதாகப் போற்றிய இர்மின்சூல் என்னும் தூணை வீழ்த்தினான். இடையிடையே ஓய்ந்தும் மூண்டும் அப்போர் 804 வரை நீடித்தது. 782-இல் வெர்டன் என்னுமிடத்தில் ஒரே நாளில் 4,500 பேர் தலை வெட்டுண்டனர் என்பது அரசவைக் குறிப்பே தரும் செய்தி. எண்ணை அப்படியே நம்ப வேண்டுவதில்லை. ஆயினும் வென்றவரே அதனை மறைக்காது பொறித்தனர் என்பது நோக்கத்தக்கது. எதிர்ப்பின் தலைவனான விடுகிண்ட் 785-இல் திருமுழுக்குப் பெற்றான். அக்காலத்தை ஒட்டிச் சாக்சானியர்க்கென வகுக்கப்பட்ட சட்டம், திருமுழுக்கை மறுத்து ஒளிந்தோர்க்கும், இறந்தோரைப் பழைய முறைப்படி எரித்தோர்க்கும் மரண ஒறுப்பு விதித்தது. சார்லமேனின் அவையிலிருந்த அறிஞர் ஆல்குயினே, நம்பிக்கை என்பது உள்ளத்து விருப்பால் வருவதன்றி வற்புறுத்தலால் வருவதன்று என எழுதி வருந்தினார். போரின் முடிவில் பதினாயிரவரைக் குடும்பத்தோடு பெயர்த்துப் பிராங்கிய நாட்டிற் பலவிடங்களிற் குடியேற்றினர் என ஐன்கார்டு கூறுவார். நூல் தோன்றிய காலத்தே இவற்றை நேரிற் கண்ட முதியோர் சிலரேனும் உயிருடன் இருந்திருப்பர். வெர்டனில் மாண்டோரின் பேரர் இப்பாட்டைக் கேட்டிருத்தலும் கூடும். இதனை மறந்து நூலைப் பயில்வது பிழையாகும்.

நூல் எழுந்த வரலாற்றைக் கூறும் இலத்தீன் முன்னுரை ஒன்று உண்டு. லூயி என்னும் அரசன், தன் இனத்தாரிடையே புலவன் எனப் பெயர்பெற்ற ஒரு சாக்சானியனை அழைத்து, மறைநூற் செய்திகளைச் செர்மானிய மொழியிற் பாட்டாக்குமாறு பணித்தான் என்பது அதன் சாரம். சார்லமேனின் மகன் பத்திமான் லூயியா, பேரன் செர்மானிய லூயியா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. இம்முன்னுரை கையெழுத்துப் படிகளில் இல்லை. 1562-இல் பிளாசியசு இல்லிரிக்கசு வெளியிட்ட அச்சு நூலிலேயே முதலில் தோன்றுகிறது. ஆதலின் ஐயுற்றோரும் உளர். ஆயின் நூலின் பகுதிகளைக் குறிக்க அம்முன்னுரை ஆளும் ‘பித்து’ என்னும் பழஞ்சொல்லை 16-ஆம் நூற்றாண்டில் ஒருவர் புனைந்திருத்தல் அரிது என்பர். இவ்வாதம் வலியுடையது. எனவே ஆணை வழிப்பட்ட நூல் என்பதைக் கொண்டே மேற்செல்வோம்.

இந்நூல்பற்றிய திறனாய்வு நெடுங்காலம் இரு கரைகளில் நின்றது. 1845-இல் வில்மார் என்னும் செர்மானிய அறிஞர் இதனைப் பழஞ்செர்மானிய வாழ்வின் களஞ்சியமாகக் கண்டார். தலைவனும் தொண்டரும், விருந்து மண்டபமும், ஊழும் அவர்க்குத் தம் முன்னோரின் தூய உருவமாகத் தோன்றின. நாட்டுணர்ச்சி பொங்கிய அந்நூற்றாண்டிற்கு இக்கருத்து இனித்தது. 1868-இல் விண்டிசு நூலின் மூலங்களை அடிக்கு அடி ஒப்பிட்டு, தாத்தியான் நான்கு நற்செய்திகளையும் ஒன்றாக இணைத்த நூலின் இலத்தீன் வடிவையும், ராபானுசு மௌருசு, பீட், ஆல்குயின் ஆகியோரின் உரைகளையும் புலவர் கையாண்ட திறத்தை விளக்கினார். அதன்பின் நூல் களஞ்சியமாக அன்றிப் பள்ளிப்பாடமாகத் தோன்றலாயிற்று. அண்மையில், 1989-இல், ரொனால்டு மர்பி இதனை இருவகைப் பண்பாடும் கலந்த புதுப்படைப்பாகக் காட்டினார். மூவர் கூற்றிலும் உண்மை உண்டு. ஆயினும் மூவரும் போதிய அளவு அழுத்தாத ஒன்று உளது. புலவர் ஆண்ட சொற்கள் பழையன. அச்சொற்களால் அவர் கட்டிய உறவு சாக்சானியர்க்குப் பழையதன்று. இதுவே யாம் நிறுவ விழைவது.

முதற்கண் யாப்பைப் பற்றிச் சில கூற வேண்டும். இந்நூலின் ஒவ்வோர் அடியும் இடைநிறுத்தத்தால் இரண்டு பாதியாகப் பிரியும். பாதிக்கு இரண்டாக நான்கு அழுத்தங்கள் அமையும். முற்பாதியின் அழுத்தசைகளுள் ஒன்றோ இரண்டோ, பிற்பாதியின் முதல் அழுத்தசையோடு முதலெழுத்தால் ஒன்றிவரும். தமிழ் மாணவர் இதனை மோனை என உடனே அறிவர். வேறுபாட்டையும் அறிதல் வேண்டும். நம் மோனை சீரின் முதலெழுத்தை நோக்குவது. செர்மானிய மோனை அழுத்தத்தை நோக்குவது. எனவே சொல்லின் முதலில் அழுத்தமற்ற முன்னொட்டு நிற்குமாயின் அது கணக்கில் வாராது. உயிரெழுத்துகளுள் அகரத்திற்கு இனம் இன்னவை, இகரத்திற்கு இனம் இன்னவை என நாம் வகுப்போம். அவர்களுக்கோ எவ்வுயிரும் எவ்வுயிரோடும் மோனையாகும். ஹேலியாந்துப் புலவர் இவ்யாப்பைப் பெரிதும் நெகிழ்த்தினார். அழுத்தமற்ற அசைகளை அடிக்குள் வரையறையின்றிப் பெய்தார். வாக்கியத்தை அடியின் இறுதியில் முடிக்காது அடுத்த அடியின் நடுவில் முடித்தார். இதனைத் தளர்ச்சி எனப் பழித்தோர் உளர். சில இடங்களில் அது தளர்ச்சியேதான். நூலில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கை அடைத்துக்கொள்ளும் மலைப்பொழிவில், ஒரே கருத்தை மூன்று தொடராற் சொல்லும் வழக்கம் படிப்போரைச் சோர்வுறச் செய்கிறது. ஆனால் நிகழ்ச்சி விரையும் இடங்களில், அடியைக் கடந்தோடும் அத்தொடரே மூச்சுவிடாது இழுத்துச் செல்கிறது.

நிலத்திற்கேற்பச் செய்த மாற்றங்கள் பலர் அறிந்தவை. பெத்லகேமும் நாசரேத்தும் அரணுடைய ‘புர்கு’கள் ஆகின்றன. இயேசு நோன்பிருந்த பாலை பெருங்காடாகிறது. பிறப்புச் செய்தியைக் கேட்டோர் ஆட்டிடையர் அல்லர். இரவிற் குதிரைகளைக் காத்த ஏவலர். இவற்றைக் கேட்டவுடன் தேம்பாவணி நினைவுக்கு வருதல் நமக்கு இயல்பே. ஆயின் ஒப்புமை நெடிது செல்லாது. வீரமாமுனிவர் பிறமொழியாளராய் வந்து தமிழ்க் காப்பிய மரபைக் கற்று விரும்பி ஏற்றவர். ஹேலியாந்துப் புலவர் தம் இனத்தார்க்குத் தம் மொழியிற் பாடியவர். அங்கே மண்ணின் கோலம் பாட்டிற்கு அணி; இங்கே அது பாட்டின் தேவை.

நூலின் தொடக்கத்தில் ஒரு பகுதி உளது. அதனை நோக்கற்பாலார் போதிய அளவு நோக்கவில்லை என்றே யாம் கருதுகிறோம். லூக்கா நற்செய்தி, ஏரோது யூதேயாவின் அரசனாயிருந்த நாளில் எனக் காலத்தை மட்டும் சுட்டிக் கதையைத் தொடங்குகிறது. புலவர்க்கு அது போதவில்லை. கடவுள் அக்காலத்தே உரோம மக்களுக்கு எல்லா அரசினும் பெரிய அரசை அளித்திருந்தார் என்கிறார். உரோமாபுரியினின்று புறப்பட்ட தலைக்கவசம் தரித்த படையினர் எல்லா மக்களையும் அடிப்படுத்தி, நாடுதோறும் தம் தலைவரை இருத்தினர் என்கிறார். எருசலேமில் ஏரோது ஆண்டான். அவனைச் சீசரே அனுப்பி அங்கு அமர்த்தினான். அவனோ இசுரவேலரின் குருதி உறவினன் அல்லன் என மேலும் விளக்குகிறார். தலைக்கவசமும், நாடுதோறும் இருந்த தலைவரும், உறவில்லா ஆட்சியாளனும் லூக்கா அவ்விடத்துக் கூறாதவை.

சாக்சானியர் இதனைக் கேட்கும்போது யாரை நினைத்திருப்பர்? பிராங்கிய அரசனும் உரோமப் பேரரசன் என்னும் பெயரை 800-இற் சூடியிருந்தான். அவன் அமர்த்திய ஆட்சியாளர் சாக்சானிய நிலத்தில் இருந்தனர். ஆதலின் இப்பகுதியை மறைமுகமான பழிப்பு எனக் கொள்ள மனம் விழையும். ஆனால் முதற்சொற்றொடரை விடலாகாது. அவ்வரசை அளித்தவர் கடவுள் என்றே புலவர் தொடங்குகிறார். அடிமைப்பட்டோரின் வலி அறிந்த ஒருவர், அவ்வலியையும் கடவுள் வகுத்த ஒழுங்கினுள் வைத்துக் கூறுகிறார். இணக்கமும் முறையீடும் ஒரே வாக்கியத்தில் நிற்கின்றன. இவற்றுள் ஒன்றைப் பிடித்து மற்றதை விடும் திறனாய்வு நூலைக் குறைத்துவிடும்.

இத்தகைய இரட்டைநிலை நூலின் உச்சமான காட்சியிலும் உளது. இலாசரை எழுப்பச் செல்லும் வழியில் தோமா, அவரோடு நாமும் சென்று இறப்போம் எனச் சொல்வதாக யோவான் நற்செய்தி ஒரு வரியில் முடிக்கும். நம் புலவர் அதனை ஓர் உரையாக விரித்தார். தலைவனோடு உறுதியாய் நின்று அவனோடு மடிவதே வீரனுக்குப் பெருமை, அதனால் நம் புகழ் பின்னும் நிற்கும் எனத் தோமா பேசுகிறான். இதைக் கேட்ட மண்டபத்தில் ஆரவாரம் எழுந்திருக்கும். பின்னர் இயேசுவைக் கைது செய்ய வந்தோர்முன் பேதுரு வாளுருவுகிறான். அவன் உள்ளம் கொதிக்கிறது. சினத்தால் நா எழவில்லை. மால்கு என்பான் காதும் கன்னமும் பிளந்து குருதி பாய்கிறது. சூழ்ந்தோர் வாளுக்கு அஞ்சிப் பின்னிடுகின்றனர். நற்செய்தியில் ஒரு வரியான செய்தி இங்கே போர்ப்பாட்டின் முழு வேகத்தோடு வருகிறது. கேட்போர் எழுந்து நிற்கும் அந்நொடியிலேயே தலைவன் வாளை உறையிலிடுக என்கிறான். வருவதைத் தாங்குதல் வேண்டும், நம் செயலால் அதனைத் தடுத்தல் ஆகாது என்கிறான்.

முப்பது ஆண்டுக்கு மேற்பட்ட போரில் தோற்று வாளைக் கீழே வைத்தவரின் வழிவந்தோர்க்கு இச்சொல் எவ்வாறு ஒலித்திருக்கும்? முதுகலை வகுப்பில் இக்காட்சியை விளக்குந்தோறும், புலவர் தம் மக்களைப் பணிய வைக்கிறாரா, தேற்றுகிறாரா என மாணவர் கேட்பதுண்டு. இரண்டும் என்பதே விடை. அதற்குச் சான்று அடுத்த அடிகளில் உளது. சீடர் யாவரும் தலைவனை விட்டு ஓடுகின்றனர். தோமாவின் உரைப்படி நோக்கின் இது மாபெரும் இழிவு. புலவரோ, அவர்கள் கோழைமையால் விட்டுச் செல்லவில்லை, அவ்வாறு நிகழும் என்பது நெடுநாள்முன்பே இறைவாக்கினரால் உரைக்கப்பட்டிருந்தது என அவர்களுக்காகப் பரிந்து பேசுகிறார். நற்செய்தியிலும் மறைநூல் நிறைவேறியது என்னும் குறிப்பு உண்டு. கோழைமையன்று என்னும் மறுப்பு இவர் சேர்த்தது. தலைவனுடன் மடியாது எஞ்சியிருத்தல் என்னும் இழிவை நன்கறிந்த இனத்தார்க்கு இம்மறுப்பு வெறும் விளக்கவுரை அன்று.

மலைப்பொழிவில் ஒரு கன்னத்தில் அறைந்தவனுக்கு மறுகன்னத்தைக் காட்டுக என்னும் கட்டளையை இதே புலவர் விட்டுவிட்டார் என்பதையும் உடன் எண்ணுக. பகைவரை நேசிக்க வேண்டும் என்பதைப் பாடினார். அறை வாங்க நிற்பதைப் பாடவில்லை. எருசலேமுக்குள் நுழையும் தலைவனுக்குக் கழுதையும் இல்லை. தம் கேட்போர் எதைத் தாங்குவர், எதைத் தாங்கார் என அளந்தறிந்தே அவர் பாடியிருக்கிறார்.

இனி எம் கருத்திற்கு வருவோம். ஹேலியாந்தின் உயிர்நாடி தலைவனுக்கும் தொண்டனுக்கும் உள்ள பிணைப்பு. இதனையே வில்மார் பழஞ்சாக்சானிய மரபு என்றார். இன்றளவும் பாடநூல்கள் அவ்வாறே எழுதுகின்றன. ஆயின் வரலாற்றுச் சான்றுகள் கூறுவதென்ன? பழஞ்சாக்சானியர்க்கு அரசன் இல்லை எனப் பீட் எழுதினார். பல தலைவர் இருந்தனர் என்றும், போர் வந்தால் சீட்டுக் குலுக்கி ஒருவனைத் தேர்ந்து அவன்பின் சென்றனர் என்றும், போர் முடிந்தபின் தலைவர் அனைவரும் மீண்டும் நிகராயினர் என்றும் அவர் கூறுவார். லெபுயின் என்னும் துறவியின் வரலாறு, ஆண்டுதோறும் வேசர் ஆற்றங்கரையில் மார்க்லோ என்னுமிடத்தில் அவை கூடியது என்றும், ஒவ்வொரு வட்டாரத்தினின்றும் உயர்குடியினர், உரிமைக்குடியினர், கீழ்க்குடியினர் ஆகிய மூவகையாரும் வகைக்குப் பன்னிருவராய் வந்தனர் என்றும் தெரிவிக்கிறது. இவ்வரலாறு துறவியைப் போற்ற எழுந்தது. அதன் ஒவ்வொரு விவரத்தையும் ஏற்க வேண்டுவதில்லை. எனினும் வாழ்நாள் முழுதும் ஒரு தலைவனுக்குக் கட்டுப்படும் முறை சாக்சானிய ஆட்சியின் அடிப்படை அன்று என்பதில் இரு சான்றும் ஒன்றுபடுகின்றன. அம்முறையைச் சட்டமாகக் கொணர்ந்தவர் பிராங்கியரே. மேற்சுட்டிய சட்டம் அரசனுக்கு உண்மையற்றவன் எனத் தோன்றுவோனுக்கும், தன் தலைவனைக் கொன்றோனுக்கும் மரணமே விதித்தது. வாள்முனையில் வந்த அக்கட்டளையைப் புலவர் அன்பின் கட்டளையாக மாற்றினார்.

இதற்கு ஒரு தடை எழும். தலைவனைக் குறிக்கும் ‘துரோத்தின்’ என்னும் சொல்லும், தொண்டனைக் குறிக்கும் ‘தெகன்’ என்னும் சொல்லும் பழைய ஆங்கிலத்திலும் உள. படைத்துணைவர் தலைவனுக்காக உயிர் கொடுத்ததை 98-ஆம் ஆண்டளவில் தாசித்தசு விரித்தெழுதினார். எனவே இப்பிணைப்பு பழமையானதன்றோ எனின், சொற்கள் பழையன என்பதை யாமும் உடன்பட்டோம். ஆயின் அது போர்க்குழுவின் ஒழுக்கம். போர் முடியக் கலையும் குழுவிற்குரியது. முழு இனத்தின் முழு வாழ்விற்கும் அதனை விரித்தது புதிது. மேலும் இந்நூலில் ‘துரோத்தின்’ பெரும்பாலும் கடவுளையும் இயேசுவையுமே குறித்து வருகிறது. கிரீன் என்னும் அறிஞர் 1965-இல் வெளியிட்ட நூலில், செர்மானிய மொழிகளில் தலைவனைக் குறித்த சொற்கள் கரோலிங்கியர் காலத்தே அடைந்த மாற்றங்களை விரிவாக ஆராய்ந்துள்ளார். உலகத் தலைவனைக் குறித்த சொல் வானகத் தலைவனுக்கே உரியதாகும்போது, பழைய வீரப்பாட்டின் உணர்ச்சி முழுவதும் புதிய இடத்திற் சென்று சேர்கிறது. புலவர் பெற்ற வெற்றி இதுவே. வென்றவர்க்கும் இது பயன்பட்டது என்பது வேறு செய்தி.

இப்பாட்டு யாரைச் சென்றடைந்தது என்பதும் கேட்கத்தக்கது. மண்டபம், மது, தலைவன் அளிக்கும் கொடை ஆகியவை உயர்குடியினரின் உலகம். அவர்களுட் பலர் பிராங்கியரோடு விரைவில் ஒன்றிவிட்டனர். 841-இல் உரிமைக்குடியினரும் கீழ்க்குடியினரும் ‘சுதெல்லிங்கா’ என்னும் பெயரோடு தம் தலைவர்க்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். முன்னோர் சிலைவணக்கத்தில் இருந்தபோது கொண்டிருந்த வழக்கத்தை மீட்டுத்தருவதாக லோத்தார் அவர்களுக்கு வாக்களித்தான் என நித்தார்டு எழுதினார். மறு ஆண்டிலேயே செர்மானிய லூயி அவர்களைக் கொடுமையாக ஒடுக்கினான். ஹேலியாந்து தோன்றிப் பத்தாண்டளவில் இது நிகழ்ந்தது. குதிரை காத்த ஏவலர்க்கு முதலில் நற்செய்தி வந்தது என்று பாட்டு சொன்னது. அவ்வேவலர் பாட்டைக் கேட்டனரா என்பதற்குச் சான்றில்லை.

சாக்சானியரின் பிற்கால உயர்வில் ஒரு விந்தை உண்டு. அவ்வினத்தவனான என்றி 919-இல் கிழக்குப் பிராங்கிய நாட்டின் அரசனானான். அவன் மகன் ஒட்டோ 962-இல் பேரரசனாக முடிசூடினான். அவ்வெற்றியைக் கோர்வி மடத்துத் துறவி ஒருவர் பெருமிதத்தோடு எழுதினார். அவர் பெயரும் விடுகிண்டே. ஆனால் அவர் எழுதியது இலத்தீனில். தோற்ற காலத்தில் தாய்மொழியிற் பாடிய இனம், வென்ற காலத்தில் அயன்மொழியில் எழுதியது. இனப்பெயரும் பின்னர் இடம்பெயர்ந்தது. இன்று திரெசுடனைத் தலைநகராகக் கொண்ட சாக்சனி பழஞ்சாக்சானியரின் நிலம் அன்று, ஆட்சிப் பட்டத்தின்வழி அங்குச் சென்ற பெயரே.

பாட்டு மட்டும் எதிர்பாரா இடங்களில் தங்கியது. மூனிச்சிலும் இலண்டனிலும் உள்ள படிகளே பெரியவை. இலண்டன் படி 10-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலேயே எழுதப்பட்டது என்பர். கடல் கடந்த உறவினர்க்கு அம்மொழி அத்துணை அயலன்று. 1875-இல் எதுவார்டு சீவர்சு, பழைய ஆங்கில ஆதியாகமப் பாட்டின் ஒரு பகுதி ஆங்கிலம் அன்று, இன்று காணாமற்போன சாக்சானியப் பாட்டின் மொழிபெயர்ப்பே எனச் சொல்லாட்சியையும் யாப்பையும் மட்டுமே கொண்டு நிறுவினார். நம்பியோர் சிலர், நகைத்தோர் சிலர். 1894-இல் வத்திக்கான் நூலகத்தில், வேறொரு சுவடியின் வெற்றிடங்களில் எழுதப்பட்டிருந்த சாக்சானிய அடிகள் கிட்டின. ஹேலியாந்தின் ஒரு பகுதியோடு, சீவர்சு உய்த்துணர்ந்த ஆதியாகமப் பாட்டின் பகுதிகளும் அவற்றில் இருந்தன. மொழி ஆராய்ச்சி மாணவர் ஒவ்வொருவரும் அறியவேண்டிய நிகழ்ச்சி இது.

2006-இல் இலைப்சிக் பல்கலைக்கழக நூலகத்தில் மற்றோர் ஏடு கிட்டியது. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சான நூலொன்றுக்கு யாரோ அதனை மேலட்டையாகப் போர்த்தியிருந்தனர். உயிர்த்தெழுந்த நாட்காலையில் பெண்கள் கல்லறையை அடைந்து, உள்ளே உடலைக் காணாது திகைத்து நிற்கும் பகுதியே அவ்வேட்டில் எஞ்சியுள்ளது.